பங்குனி ஆமை ஆபத்துல இருக்குன்னா என்னா அர்த்தம்? கடலூர் பீச்சுல அடிக்கடி கேக்குற கேள்விங்க

ஜனவரி பொறந்துட்டா தேவனாம்பட்டினத்துல இருந்து தாழங்குடா முகத்துவாரம் வரைக்கும் ராத்திரி நடை ஆரம்பிச்சுடும். பங்குனி ஆமை (இங்கிலீஷ்ல ஆலிவ் ரிட்லி, கடலாமைல ஒரு வகை) முட்டை போட கரை ஏறுதான்னு பாக்குறது, முட்டை இருந்தா பத்திரமா எடுத்து பொரிப்பகத்துக்கு அனுப்புறதுன்னு வனத்துறை ஆளுங்களோட ஒட்டிக்கிட்டு நானும் ஆறு சீசனா போறேன். நான் விஞ்ஞானி எல்லாம் கிடையாது, பகல்ல ஓ.டி.ல, அதாவது கடலூர் ஓல்டு டவுன்ல, ஒரு கடைல கணக்கு எழுதுற ஆளு. ஆனா கூட நடக்க வர்றவங்க, விடியகாலைல டீக்கடைல மடக்கிப் புடிக்கிறவங்க, ஏன் எங்க வீட்டுலயே கூட, எல்லாரும் கேக்குறது ஒரே பத்துப் பன்னண்டு கேள்விதான், வாயால சொல்லி மாளல. அதான் உக்காந்து எழுதிட்டேன். வரிசை கிரிசை எல்லாம் எதிர்பாக்காதீங்க, ஞாபகம் வந்த மாதிரி போவுது.

"அழிவின் விளிம்பில்"னு பேப்பர்ல போடுறாங்களே, அத யாரு முடிவு பண்றது?

பேப்பர்காரங்க முடிவு பண்றதில்ல, எதப் பாத்தாலும் அவங்களுக்கு விளிம்புதான், அத விடுங்க. உலக அளவுல இதுக்குன்னு ஒரு அமைப்பு இருக்கு, ஐ.யூ.சி.என்.னு சொல்வாங்க, 1948ல பிரான்ஸ்ல ஆரம்பிச்சது, இப்ப தலைமை ஆபீஸ் சுவிட்சர்லாந்துல. அவங்க 1964ல இருந்து சிவப்புப் பட்டியல்னு ஒண்ணு வச்சிருக்காங்க. ஆமைக்கு ஒரு குழு, சுறாவுக்கு ஒரு குழு, பறவைக்கு தனியா ஒரு அமைப்புன்னு உலகம் பூரா இருக்குற ஆராய்ச்சிக்காரங்க, நிறைய பேரு சம்பளமே இல்லாம, கையில இருக்குற கணக்க எல்லாம் வச்சு ஒரு இனம் எந்தப் படில நிக்குதுன்னு எழுதுவாங்க, அத வேற ஆளுங்க சரிபாப்பாங்க, அப்புறம்தான் வெளிய வரும். இதுவரைக்கும் 1,70,000க்கு மேல இனங்கள பாத்திருக்காங்க, அதுல 48,000க்கு மேல ஆபத்துப் படில இருக்கு.

படின்னா எத்தன படி? ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு பேரு சொல்றாங்க, கொழப்பமா இருக்கு.

நம்ம ஊர்க்காரனுக்கு இத சொல்றது ஈஸி. துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்துவாங்கல்ல, அத மாதிரிதான். கூண்டே ஏத்தலன்னா போட்ட எடுத்துக்கிட்டு கிளம்புறோம், ஒண்ணாம் நம்பர்னா எங்கயோ தூரத்துல ஏதோ உருவாவுதுன்னு ஒரு கண்ணு வச்சுக்குறோம், நம்பர் ஏற ஏற வலைய சுருட்டி மேட்டுல ஏத்துறோம்.

சிவப்புப் பட்டியல்லயும் அடில லீஸ்ட் கன்சர்ன், அதாவது இப்போதைக்கு கவலை இல்ல. அதுக்கு மேல நியர் திரெட்டன்ட், ஆபத்துக்கு பக்கத்துல வந்துட்டது, சுருக்கமா என்.டி.ம்பாங்க (நமக்கு என்.டி.ன்னா கடலூர் நியூ டவுன்தான், முதல் வருஷம் ட்ரெயினிங்ல இந்த வார்த்தைய கேட்டுட்டு திருப்பாப்புலியூர்ல என்னா ஆபத்துன்னு யோசிச்சேன்). அதுக்கும் மேல இருக்குற மூணு படிதான் முக்கியம்: வல்னரபிள், என்டேஞ்சர்டு, கிரிட்டிக்கலி என்டேஞ்சர்டு. இந்த மூணையும் சேத்துதான் "ஆபத்துல இருக்குற இனம்"னு சொல்றது. அதுக்கு அப்புறம் காட்டுல அழிஞ்சு கூண்டுல மட்டும் மிச்சம் இருக்கறது, கடைசியா முழுசா அழிஞ்சுபோனது.

அப்ப யாராவது ஒரு பிராணிய காட்டி "இது என்டேஞ்சர்டு"ன்னா அது அந்த நடுப்படிய மட்டும் சொல்ற வார்த்தை, "ஆபத்துல இருக்கு"ன்னா மூணுல ஏதோ ஒண்ணு. பேச்சுல எல்லாத்தையும் ஒண்ணாக்கி என்டேஞ்சர்டுன்னுதான் சொல்லிடுறோம், நானும்தான்.

எண்ணிக்கை கம்மியா இருந்தாதானே ஆபத்து?

இதுதான் எல்லாரும் தப்பா புரிஞ்சிக்கிறது. எத்தன இருக்குன்றத விட எவ்ளோ வேகமா இறங்குதுன்றதுதான் பெருசு. பேங்க்ல லட்ச ரூவா வச்சிருந்தாலும் மாசம் பத்தாயிரம் போயிட்டே இருந்தா என்னா ஆவும், அந்தக் கணக்கு.

அளவுகோல் மொத்தம் அஞ்சு. முதலாவது இந்த இறக்கம்தான்: பத்து வருஷத்துலயோ மூணு தலைமுறைலயோ, ரெண்டுல எது நீளமோ அதுக்குள்ள 30 சதவீதம் கொறஞ்சா வல்னரபிள், 50 கொறஞ்சா என்டேஞ்சர்டு, 80 கொறஞ்சா கிரிட்டிக்கல். தலைமுறைன்னு ஏன் வச்சாங்கன்னா எலிக்கும் யானைக்கும் ஒரே பத்து வருஷத்த வச்சு அளக்க முடியாதுல்ல. ஒரு பங்குனி ஆமை முட்டை போடுற வயசுக்கு வரவே பத்துப் பதினஞ்சு வருஷம் ஆவும், அதனால ஆமை கணக்கு எல்லாம் நம்ம தாத்தா காலத்துல இருந்து பாக்கணும்.

ரெண்டாவது எடம். மேற்குத் தொடர்ச்சி மலைல ஒரே ஒரு சிகரத்துல மட்டும் இருக்குற தவளைன்னு வச்சுக்குங்க, அங்க ஆயிரக்கணக்குல கத்திக்கிட்டு இருந்தாலும் அந்த ஒரு எடம் கெட்டுச்சுன்னா கதை முடிஞ்சது, அதனால பரப்பு சின்னதாகி, துண்டு துண்டாகி, இன்னும் சுருங்கிக்கிட்டும் இருந்தா மேல ஏத்திடுவாங்க. மூணாவதும் நாலாவதும்தான் நீங்க கேக்குற எண்ணிக்கை சமாச்சாரம், வளந்த உசுரு மொத்தமே 50க்கு கீழன்னா வேற எதையும் பாக்காம கிரிட்டிக்கல்தான், 250க்கு கீழன்னா என்டேஞ்சர்டு, 1000க்கு கீழன்னா வல்னரபிள். அஞ்சாவது கம்ப்யூட்டர்ல கணக்கு போட்டு, இத்தன வருஷத்துல அழிய இத்தன சதவீதம் வாய்ப்புன்னு சொல்றது. அஞ்சுல ஒண்ணு பொருந்தினா போதும்.

வேகம்னா எப்டின்றதுக்கு பாறு கழுகுதான் சரியான உதாரணம். மாடு செத்தா கூட்டமா வந்து இறங்கும்னு நம்ம பெருசுங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க, அவ்ளோ சாதாரணமா இருந்த பறவை. மாட்டுக்கு வலிக்கு போடுற டைக்ளோபினாக் ஊசி, அந்த மாடு செத்தா அத தின்ன கழுகுக்கு கிட்னி போயிடும். 1990கள்ல ஆரம்பிச்சு பதினஞ்சு வருஷத்துக்குள்ள வெண்முதுகுப் பாறு நம்ம நாட்டுல 99 சதவீதத்துக்கு மேல காலி. 2006ல மாட்டுக்கு அந்த மருந்து போடக்கூடாதுன்னு தடை வந்துச்சு, ஆனா கழுகு இன்னும் கிரிட்டிக்கல் படிலதான் இருக்கு. இப்ப தமிழ்நாட்டுல பாக்கணும்னா முதுமலை, மாயாறு பக்கம் போவணும். திருக்கழுக்குன்றத்துல மதியானம் வந்து பிரசாதம் சாப்பிட்டுப் போனது வேற வகை, மஞ்சமூஞ்சிப் பாறு, அதுவும் இப்ப வர்றதில்ல, அது என்டேஞ்சர்டு.

ஒடிசாவுல ஆமை லட்சக்கணக்குல வந்து முட்டை போடுதே, டிவில காட்டுறாங்களே, அப்புறம் என்னா ஆபத்து?

கேள்வி நியாயம்தான். கடலாமைங்கள்லயே அதிகமா இருக்கறது இந்தப் பங்குனி ஆமைதான், 2025ல ருஷிகுல்யா முகத்துவாரத்துல மட்டும் கிட்டத்தட்ட ஏழு லட்சம் ஆமை முட்டை போட்டதா சொன்னாங்க. இருந்தும் 2008ல போட்ட மதிப்பீட்டுல இது வல்னரபிள். ஏன்னா அவங்க பாக்கறது ஒடிசா மட்டும் இல்ல, மெக்சிகோல இருந்து இங்க வரைக்கும் தலைமுறை கணக்குல எவ்ளோ இறங்கிருக்குன்னு. சில எடத்துல நிறைய இருக்கு, நிறைய எடத்துல இருந்ததே இல்லாமப் போயிடுச்சு.

இன்னொண்ணு, கூட்டமா ஒரே எடத்துக்கு வர்றதே ஒரு ரிஸ்க். எல்லா முட்டையும் ஒரே கூடைல இருக்கு, இதுல நெஜமாவே முட்டை. அந்த ஒரு மணல் திட்ட அலை அரிச்சிட்டுப் போச்சுன்னா ஒரு வருஷ வெள்ளாமை போச்சு. நம்ம கடலூர், பாண்டி பக்கம் எல்லாம் அந்த மாதிரி கூட்டம் வராது, ஒத்தை ஒத்தையா ஏறும், அதுக்குத்தான் நாங்க நடக்குறது.

செத்து ஒதுங்குறதையும் பாக்கணும்ல. 2025 ஜனவரில சென்னைய ஒட்டின கடற்கரைல ஆயிரத்துக்கு மேல செத்து ஒதுங்குச்சு. அந்த மாசம் எங்க பக்கமும் நான் பாத்தேன், ஒரு பொட்டை ஆமை, கழுத்து உப்பி, கண்ணு ரெண்டும் பிதுங்கி வெளிய வந்து, ஓட்டுல ஒரு கீறல் கூட இல்ல. அடிபட்டு சாவல, மூச்சு முட்டி செத்தது. ஆமைக்கு நம்மள மாதிரி நுரையீரல், மேல வந்து மூச்சு விட்டே ஆவணும், இழுவலைல மாட்டி மேல வர முடியலன்னா முங்கி செத்துடும். அறுத்துப் பாத்தப்ப வயித்துல முட்டை இருந்துச்சு, கூட இருந்த ஒரு அண்ணன் எண்ண ஆரம்பிச்சு பாதில விட்டுட்டு தள்ளிப்போயி உக்காந்துட்டாரு.

வல்னரபிள்தானே, மூணுல கீழ்ப்படி, அப்ப லேசான ஆபத்துதானே?

ஒண்ணாம் நம்பர் கூண்டு ஏத்தின அன்னைக்கு "தானே" புயல் எப்டி இருந்துச்சு, அப்புறம் 2011 டிசம்பர் 30 விடியகாலைல எப்டி இருந்துச்சு? பண்ருட்டி பக்கம் பலா, முந்திரி வச்சிருந்தவங்கள கேளுங்க. கீழ்ப்படில இருக்கறப்பதான் செய்யறதுக்கு ஏதாவது மிச்சம் இருக்கும்.

லிஸ்ட்ல இருக்குற பிராணிய புடிச்சா ஜெயிலா?

இங்கதான் ரெண்டு விஷயத்த போட்டு குழப்பிக்கிறோம். சிவப்புப் பட்டியல் சட்டம் கிடையாது. கூண்டு ஏத்துறவர் உங்கள அரெஸ்ட் பண்ண முடியாதுல்ல, அது மாதிரி. ஜெயில்ல போடுறது நம்ம நாட்டோட 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், அதுக்கு தனியா அட்டவணை இருக்கு. முன்ன ஆறு அட்டவணை, 2022ல திருத்தி நாலாக்கிட்டாங்க, 2023 ஏப்ரல்ல இருந்து அதுதான் நடப்பு. முதல் அட்டவணைல இருக்கற பிராணிய வேட்டையாடினா குறைஞ்சது மூணு வருஷம், ஏழு வருஷம் வரைக்கும் போவும், அபராதம் குறைஞ்சது 25,000.

ரெண்டும் ஒண்ணு இல்லன்றதுக்கு மயில பாருங்க. சிவப்புப் பட்டியல்ல மயில் லீஸ்ட் கன்சர்ன், கவலையே இல்ல, விருத்தாசலம் பக்கம் வெள்ளாமை போட்டவங்க "எங்களுக்குத்தான் கவலை"ன்னு சிரிப்பாங்க. ஆனா சட்டத்துல முதல் அட்டவணை, தொட்டா கேஸ். தேசியப் பறவைன்றதால வந்த பாதுகாப்பு அது, அழியப்போவுதுன்னு இல்ல. வெளிமானும் அப்டித்தான், பட்டியல்ல கவலை இல்லாத படி, சட்டத்துல முதல் அட்டவணை. இதுக்கு நேர் எதிரும் உண்டு, பட்டியல்ல ஆபத்துன்னு இருக்கும், சட்டத்துல பேரே இருக்காது, மார்க்கெட்ல கூறு போட்டு விப்பாங்க. கீழ சுறா கேள்விய பாருங்க.

கடலாமைங்க விஷயத்துல கொழப்பம் வேணாம், நம்ம கடலுக்கு வர்ற அஞ்சு வகையும் முதல் அட்டவணைதான்: பங்குனி ஆமை, பேராமை (பச்சைக் கடலாமைன்னும் சொல்வாங்க), அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை. முட்டைக்கும் அதே சட்டம்தான்.

அமெரிக்காக்காரன் நம்ம இறால வாங்க மாட்டேங்குறானே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

ஆமையோட சம்பந்தம் உண்டு, ஐ.யூ.சி.என். பட்டியலோட இல்ல. அமெரிக்காவுக்கு 1973ல போட்ட தனிச் சட்டம், தனி லிஸ்ட், அதுல படி ரெண்டே ரெண்டு, என்டேஞ்சர்டு, திரெட்டன்ட். அங்க திரெட்டன்ட்ன்னா கீழ்ப்படியோட பேரு, ஐ.யூ.சி.என்.ல மூணு படிக்கும் சேத்து வச்ச பொதுப் பேரு. ஒரே வார்த்தை, ரெண்டு அர்த்தம், நெட்ல படிக்கிறப்ப எந்த ஊரு லிஸ்ட்டுன்னு பாத்துக்குங்க.

இறால் விஷயம் என்னன்னா, கடல்ல இழுவலை போட்டு புடிக்கிற இறால அனுப்பணும்னா வலைல ஆமை தப்பிக்கிற கருவி, டெட்டுன்னு சொல்வோமே, அது மாட்டிருக்கணும்னு அவங்க சட்டம். ஒரு கம்பித் தட்டி, இறால் இடுக்குல பூந்து உள்ள போயிடும், ஆமை அதுல மோதி மேல இருக்குற வழியா வெளிய போயிடும். நம்ம நாட்டுல அத சரியா மாட்டலன்னு 2019ல இருந்து கடல்ல புடிச்ச நம்ம இறாலுக்கு தடை. பண்ணை இறாலுக்கு இந்தத் தடை இல்ல. டெட்டு மாட்டினா இறாலோட மீனும் சேந்து ஓடிடுதுன்னு போட்காரங்க சொல்றது பொய்யும் இல்ல, கொஞ்சம் போவத்தான் செய்யும், டீசல் விக்கிற விலைக்கு அது வலிக்கும். அவங்கள வில்லனாக்கி பேசறவங்ககூட நான் சேர்றதில்ல, ஆனா கரைல இருந்து அஞ்சு கடல் மைலுக்குள்ள இழுவலை வரக்கூடாதுன்னு இருக்கற சட்டத்தையாவது மதிக்கலாம், ஆமை சீசன்ல கூடி நிக்கறதே அந்தக் கரையோரத்துலதான்.

தடைக்காலம்தான் இருக்கே, அப்ப ஆமைக்கு நல்லதுதானே?

61 நாள் தடை ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும். ஆமை ஏறுறது ஜனவரி, பிப்ரவரி, மார்ச். தேதிய நீங்களே பாத்துக்குங்க. அது மீன் முட்டை விடுறதுக்கு போட்ட தடை.

சுறாப்புட்டு சாப்பிடலாமா வேணாமா? நேரா சொல்லுங்க.

எங்க வீட்டுல இந்தக் கேள்விக்கு ரெண்டு நாள் சண்டை. தங்கச்சிக்கு கொழந்தை பொறந்திருக்கு, பால் ஊறணும்னு அம்மா பால்சுறா வாங்கியாறச் சொல்றாங்க, நான் போயி பட்டியல காட்டுறேன், என்னா நடக்கும்னு நெனைக்கிறீங்க.

விஷயம் இதான். சுறா, திருக்கை வகைங்கள்ல உலகத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல ஆபத்துப் படில இருக்குன்னு 2021ல வந்த கணக்கு. காரணம் ரொம்ப சிம்பிள், மத்தி ஒரு தடவைக்கு ஆயிரக்கணக்குல முட்டை விடும், சுறா சில குட்டிதான் போடும், அதுவும் வளந்து பெருசாவ வருஷக்கணக்கு ஆவும், புடிக்கிற வேகத்துக்கு ஈடு குடுக்க முடியாது. பால்சுறான்னு நம்ம மார்க்கெட்ல சொல்றது ஒரே இனம் இல்ல, சின்ன சைஸ் சுறா ரெண்டு மூணு வகைக்கு அதே பேரு, அதுல ஒண்ணு 2020ல வல்னரபிளுக்கு ஏறிடுச்சு. கொம்பன் சுறா (தலை சுத்தியல் மாதிரி இருக்குமே) வகைல ஒண்ணு 2019ல கிரிட்டிக்கலுக்கே போயிடுச்சு. துறைமுகத்துல மீன் விக்கிற ஒரு ஆயா சொல்லுச்சு, "கொம்பன்லாம் அப்ப ஆளு உசரம் வரும், ரெண்டு பேரு தூக்கணும், இப்ப வர்றத பாத்தா கொழந்தைய தூக்கியாந்த மாதிரி இருக்குடா தம்பி". இத பட்டியல்ல ஆயிரம் வார்த்தைல எழுதிருப்பாங்க.

சட்டப்படி பாத்தா நம்ம நாட்டுல சுறா புடிக்கிறதே மொத்தமா தடை இல்ல, சில இனங்களுக்குத்தான். திமிங்கலச் சுறா, மூக்குல ரம்பம் மாதிரி இருக்குமே வேளா மீன், இதெல்லாம் 2001லயே முதல் அட்டவணைக்கு போயிடுச்சு. துடுப்ப மட்டும் அறுத்துக்கிட்டு மீன கடல்ல தள்ளக்கூடாதுன்னு 2013ல வந்துச்சு, துடுப்பு ஏற்றுமதிக்கு 2015ல தடை. மத்தபடி பால்சுறா வாங்கினா உங்கள யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. பட்டியல் உங்க தட்டுல கை வைக்காது, இது குறையுதுன்னு சொல்லும், அவ்ளோதான். எங்க வீட்டுல அம்மாதான் ஜெயிச்சாங்க, புட்டு ஆச்சு, நானும் சாப்பிட்டேன், வேற என்னா சொல்ல. ஆனா அதுக்கப்புறம் சும்மா நாக்குக்குன்னு வாங்கறது இல்ல. நெத்திலியிலயும் புட்டு பண்ணலாம், அம்மா ஒத்துக்க மாட்டாங்க.

சிட்டுக்குருவி செல்போன் டவரால அழிஞ்சிட்டு வருதாமே?

சிவப்புப் பட்டியல்ல சிட்டுக்குருவி லீஸ்ட் கன்சர்ன். உங்க தெருவுல இல்லாமப் போயிருக்கலாம், அது நெஜம்தான். ஓட்டு வீடு போயி கான்கிரீட் வந்தா கூடு கட்ட சந்து இல்ல, குஞ்சுக்கு ஊட்ட புழு பூச்சி இல்ல, வாசல்ல தானியம் காயப்போடுறவங்க இல்ல. ஒரு தெருவுல காணாமப் போறதும் ஒரு இனம் உலகத்துலயே அழியறதும் வேற வேற. டவர் கதைக்கு உறுதியான ஆதாரம் இல்ல. மண் சட்டி கட்டித் தொங்க விடுங்க, நல்லதுதான், ஆனா வருஷம் ஒரு தடவை குருவிக்கு ஸ்டேட்டஸ் வைக்கிறவங்கள்ல பாதிப் பேரு பாறு கழுகு பேரையே கேட்டதில்லன்றதுதான் எனக்கு கடுப்பு.

பேராமை இப்ப ஆபத்துல இல்லன்னு நியூஸ் வந்துச்சே, நெஜமா?

நெஜம். 2025 அக்டோபர்ல என்டேஞ்சர்டுல இருந்து நேரா லீஸ்ட் கன்சர்னுக்கு இறக்கிட்டாங்க. 1970கள்ல இருந்து பாத்தா உலக அளவுல 28 சதவீதம் கூடிருக்கு, முட்டை போடுற கரைய காவல் காத்தது, கறிக்கும் முட்டைக்கும் புடிக்கிறத கட்டுப்படுத்தினது, வலைல மாட்டாம பாத்துக்கிட்டதுன்னு பல நாட்டுல அம்பது வருஷமா பண்ண வேலை. இந்த நியூஸ் வந்த அன்னைக்கு எங்க குரூப்ல ஒருத்தர் லட்டு வாங்கியாந்தாரு, நம்ம பக்கம் பேராமை முட்டை போட நான் ஒரு தடவை கூட பாத்ததில்ல, இருந்தாலும் லட்டு சாப்பிட்டோம்.

ஆனா ரெண்டு விஷயம். உலக சராசரி ஏறினாலும் சில கடல் பகுதில அது இன்னும் ஆபத்துலதான் இருக்கு. அப்புறம் நம்ம சட்டத்துல அது முதல் அட்டவணைலயேதான் இருக்கு, ஐ.யூ.சி.என். இறக்கினதால இங்க ஒண்ணும் தானா மாறாது. இத சொல்லியும் ஒருத்தர் "அப்ப இனிமே கறி சாப்பிடலாமா"ன்னாரு, அவருக்கு மேல சொன்ன ஏழு வருஷத்த ஞாபகப்படுத்தினேன்.

படி இறங்குறது அபூர்வமும் இல்ல, பாண்டா 2016ல என்டேஞ்சர்டுல இருந்து வல்னரபிளுக்கு வந்துச்சு. சில சமயம் நெஜமா ஒண்ணும் மாறிருக்காது, முன்ன தப்பா எண்ணிருப்பாங்க, புதுசா சரியா எண்ணி படிய மாத்துவாங்க. அத அவங்களே தனியா குறிச்சிடுவாங்க.

பட்டியல்ல பேரே இல்லன்னா பிரச்சனை இல்லன்னுதானே அர்த்தம்?

இல்ல, இல்ல, இல்ல. புயல் கூண்டுல பதினொண்ணாம் நம்பர் தெரியுமா? பத்தோட பெரிய புயல்னு நிறைய பேரு நெனைக்கிறாங்க. வானிலை மையத்தோட தொடர்பே அறுந்துபோச்சு, வெளிய என்னா நடக்குதுன்னு தெரியலன்றதுதான் பதினொண்ணு. பட்டியல்லயும் அப்டி ஒண்ணு இருக்கு, டேட்டா டெபிஷியன்ட், பாத்தோம், ஆனா சொல்ற அளவுக்கு கணக்கு இல்ல. இன்னொண்ணு நாட் எவால்யுவேட்டட், இன்னும் பாக்கவே இல்ல. ரெண்டுமே "பத்திரம்"னு அர்த்தம் இல்ல. பறவை, பாலூட்டி எல்லாத்தையும் கிட்டத்தட்ட முழுசா பாத்து முடிச்சிட்டாங்க, ஆனா பூச்சி, காளான், செடி, கடலடில இருக்கறதுன்னு பாக்காதது மலை மாதிரி கெடக்கு. திருமாணிக்குழி, குழந்தைக்குப்பம் பக்கம் இருக்குற கோயில் காட்டுக்கு போயிருக்கீங்களா? நம்ம கரையோரம் ஒரு காலத்துல பரந்து இருந்த வறண்ட பசுமைமாறாக் காட்டுல மிஞ்சின துண்டு அது. அங்க இருக்குற மரங்கள்ல நிறைய வேற ஊர்லயும் இருக்கும், இனமா பாத்தா கவலை இல்லன்னு வரும், ஆனா அந்த மாதிரி காடா பாத்தா விரல் விட்டு எண்ணிடலாம். இத இனப் பட்டியல் காட்டாது, அதோட வேலையும் அது இல்ல.

"அழிஞ்சுபோச்சு"ன்னு எப்ப சொல்வாங்க?

கடைசி உசுரும் செத்துப்போச்சுன்றதுல சந்தேகமே இல்லன்னாதான். அதனால வருஷக்கணக்குல தேடுவாங்க, அவசரப்பட்டு எழுதிட்டா தேடுறதயும் காப்பாத்துறதயும் நிறுத்திடுவாங்கன்ற பயம். ஒரு நாட்டுல மட்டும் அழியறது வேற, சிவிங்கிப்புலி நம்ம நாட்டுல 1952ல அழிஞ்சதா அறிவிச்சாங்க, ஆனா ஆப்பிரிக்காவுல இருந்துச்சு, உலகப் படில வல்னரபிள், 2022ல நமீபியால இருந்து கொண்டாந்து மத்தியப் பிரதேசத்துல குனோ காட்டுல விட்டாங்க.

நீங்க நாலு பேரு ராத்திரில நடந்து எண்றதால என்னா ஆவப்போவுது?

இத எங்க ஓனரே கேட்டாரு. அந்தப் படி எல்லாம் எதுல நிக்குது? எங்கயோ ஒருத்தன் ஒரு பீச்சுல வருஷா வருஷம் எண்ணி எழுதி வச்ச நோட்டுல. முதல் சீசன்ல நான் பண்ண கூத்த சொல்றேன். ஆமை ஏறின தடம் மணல்ல டிராக்டர் டயர் மாதிரி இருக்கும், ரெண்டு பக்கமும் துடுப்பு வாரின குறி மாறி மாறி. ஒரு ராத்திரி ஏழு தடம் பாத்து ஏழு கூடுன்னு எழுதிட்டேன். மறுநாள் பெரியவரு ஒருத்தர் கூட வந்து ஒவ்வொண்ணா கம்பிய மெதுவா விட்டுப் பாத்தாரு, கூடு இருக்கற எடத்துல மணல் பொத்துன்னு உள்வாங்கும், ஒன்றரை அடில முட்டை இருக்கும், பிங்பாங் பந்து மாதிரி, நூறு நூத்தி இருவது. ஏழுல மூணுலதான் இருந்துச்சு. மீதி நாலும் ஏறி வந்து லைட்ட பாத்தோ நாயப் பாத்தோ முட்டை போடாம திரும்பிப் போனது. "ஏழுன்னு எழுதினா ஏழு இருக்குன்னு நெனச்சிக்குவான், மூணுன்னு எழுது, நாலு திரும்பிப் போச்சுன்னும் எழுது"ன்னாரு. இப்ப நோட்டுல கூடுக்கு ஒரு கட்டம், திரும்பிப் போனதுக்கு ஒரு கட்டம்னு தனித்தனியா இருக்கு, ரெண்டாவது கட்டம் நீண்டுபோனது பீச்சுல புது ஹைமாஸ் லைட் போட்ட வருஷம்தான்.

எண்ணிக்கை மட்டும் போதாதுன்றதுக்கும் ஒண்ணு. ஆமைக் குஞ்சு ஆணா பொண்ணான்றத மணலோட சூடு முடிவு பண்ணும், 29 டிகிரிக்கு பக்கத்துலன்னா ரெண்டும் கலந்து வரும், சூடு ஏற ஏற பொண்ணா வரும். அதனாலதான் பொரிப்பகத்துல மேல நிழல் வலை கட்டுறது, அழகுக்கு இல்ல.

நானும் நடக்க வரலாமா?

வாங்க. ராத்திரி பதினோரு மணிக்கு மேல கிளம்புனா திரும்ப மூணு நாலு ஆயிடும், அஞ்சாறு கிலோமீட்டர் மணல்ல நடை, முட்டி வலிக்கும். கருப்பு இல்லன்னா நீலச் சட்டை, வெள்ளை வேணாம். டார்ச், போன் லைட், பிளாஷ் எதுவும் கூடாது. ஆமை ஏறுறத பாத்தா அசையாம உக்காந்துடணும், அது குழி தோண்டி முட்டை போட ஆரம்பிக்கிற வரைக்கும் மூச்சு விடாதீங்கன்னு வச்சுக்குங்க. முட்டைய நீங்களா தொடாதீங்க, புரட்டினா உள்ள கரு செத்துடும், அத வனத்துறை ஆளுங்க எடுப்பாங்க. செல்ஃபி எடுக்க வர்றவங்க தயவுசெஞ்சு பகல்ல சில்வர் பீச்சுக்கே போயிடுங்க. மூணு ராத்திரி நடந்தும் ஒண்ணு கூட பாக்காம திரும்புனவங்க இருக்காங்க, நாலாவது ராத்திரி அவங்க வராத அன்னைக்கு நாலு ஏறும், அதுக்கு நான் பொறுப்பில்ல. பிளாஸ்க்ல டீ நீங்க கொண்டாந்தா நல்லா இருக்கும், எங்க பிளாஸ்க் மூடி போன சீசன்லயே கடல்ல போயிடுச்சு.